ஜூலி ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள்? நாய்க்கு வரும் சலரோகம் பற்றி

விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எங்கள் ஜூலி பெட்டை நாய், ஒன்பது வயது. ஒரு மாதமாக வாளித் தண்ணீரை மூச்சு விடாமல் குடிக்கிறாள். ஒருநாளும் வீட்டுக்குள் அசிங்கம் செய்யாதவள், இப்போது இரவில் விறாந்தையில் சலம் விடுகிறாள். எவ்வளவு சோறு போட்டாலும் போதவில்லை, ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது. சலம் விட்ட இடத்தில் எறும்பு மொய்க்கிறது. நாய்க்கும் சலரோகம் வருமா? அப்பாவின் சீனிக் குளிசையில் பாதி கொடுத்துப் பார் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்கிறா. கொடுக்கலாமா?"

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் இன்றைக்கே தேவைப்படுகிறது. அந்தக் குளிசையைக் கொடுக்க வேண்டாம். பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம். அப்பாவுக்கு இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகைச் சலரோகமாக இருக்கும். அவருடைய கணையம் இன்னும் இன்சுலின் சுரக்கிறது, உடல்தான் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. மெற்போமின், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகள் அந்த மிச்ச இன்சுலினை நம்பித்தான் வேலை செய்கின்றன. நாய்களுக்கு வருவதில் பெரும்பாலும் இன்சுலின் சுரக்கும் கலங்களே அழிந்துபோய்விடுகின்றன. அங்கே குளிசை கொடுப்பது ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டுவது மாதிரி. நாய்க்குச் சலரோகம் என்றால் இன்சுலின் ஊசிதான், அதுவும் அநேகமாக ஆயுள் முழுக்க.

நான் மிருக வைத்தியர் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலையெல்லாம் மாடு, ஆடு, கோழியோடுதான். ஆனால் எங்கள் நாய் மணிக்கு இந்த வருத்தம் வந்து, மூன்று வருடத்துக்கு மேல் நாளுக்கு இரண்டு ஊசி என் கையால்தான் போட்டேன். வைத்தியர்களிடம் கேட்டறிந்ததையும் கையால் செய்து பழகியதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய நான்கும், அதாவது தண்ணீர், சலம், பசி, மெலிவு, ஒன்றோடொன்று பின்னியவை. இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 முதல் 200 மில்லிகிராமைத் தாண்டினால் நாயின் சிறுநீரகம் அதைத் தடுத்து வைக்க முடியாமல் சலத்தில் விட்டுவிடும். நல்ல சுகமான நாய்க்கு 80க்கும் 120க்கும் இடையில்தான் இருக்கும். சலத்தில் போகும் சீனி தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது, அதனால்தான் தாகம். சாப்பிட்ட சோறு சீனியாகி வீணே வெளியேறுவதால் உடல் பட்டினி கிடக்கிறது, அதனால்தான் பசியும் மெலிவும். இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு: விறாந்தை நனைகிறது என்று சிலர் இரவில் தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். சலம் கூடப் போவதால்தான் அவள் குடிக்கிறாள். தண்ணீரை நிறுத்தினாலும் சலம் நிற்காது, உடல் வற்றிப்போகும்.

எறும்பு விஷயம் எங்கள் ஆட்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்ததுதான். நல்ல அறிகுறி, ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. எறும்பு வராத சலரோக நாயும் உண்டு.

வன்னியில் பங்குனி, சித்திரை வெயிலுக்கு எல்லா நாயும்தான் கூடக் குடிக்கும். அப்படியென்றால் எது கூட என்று எப்படிச் சொல்வது? அளந்துதான். நாளைக் காலை ஒரு 1.5 லீற்றர் போத்தலால் அளந்து சட்டியில் ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரம் மிச்சத்தை அளந்து கழியுங்கள். கிணற்றடி, வாய்க்கால், மாட்டுத் தொட்டிப் பக்கம் போகாமல் அன்று வளவுக்குள்ளேயே வைத்திருங்கள். சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் வரை குடிக்கும். 100 மில்லிலீற்றரைத் தாண்டினால் ஏதோ வருத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஜூலி 15 கிலோ என்றால் ஒரு முழுப் போத்தலுக்கு மேல் போனால் வைத்தியரிடம் போக வேண்டும். இரண்டு மூன்று நாள் அளந்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனால், வைத்தியருக்கு அது பாதி நோயறிதல்.

கூடத் தண்ணீர் குடிப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஜூலி பெட்டை என்பதால் ஒன்றை முக்கியமாகக் கேட்கிறேன்: கடைசியாகச் சூட்டுக்கு வந்து எவ்வளவு நாள்? சூடு முடிந்து சில கிழமைகளில் கருப்பையில் சீழ் கட்டினாலும் இப்படித்தான் குடிப்பாள். அப்போது பொதுவாகச் சாப்பாடு குறையும், சோர்ந்து கிடப்பாள், பின்பக்கம் நாற்றத்தோடு சீழ் வடியலாம். வடியாமல் உள்ளேயே கட்டியும் நிற்கலாம். அது அவசர வருத்தம், நாள் கடத்தக் கூடாது. சிறுநீரகம் பழுதானாலும் தண்ணீர் கூடும், ஆனால் பசி இருக்காது. சொறிக்கும் கடிக்கும் கொடுக்கும் பிரெட்னிசலோன் குளிசை தாகம், பசி இரண்டையும் கூட்டும். கன நாள் கொடுத்தால் சலரோகத்தையே கிளப்பிவிடவும் கூடும். எங்கள் பக்கம் நாய் மெலிந்தால் எல்லோரும் முதலில் உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். அது நியாயம்தான், ஆனால் அதில் முரசு (பல் ஈறு) வெளிறும், காய்ச்சல் இருக்கும், சாப்பாட்டில் நாட்டம் போய்விடும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே மெலியும் நாயில் சலரோகத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

உறுதிப்படுத்துவது கஷ்டமில்லை. சலத்தில் சீனி இருக்க வேண்டும், இரத்தத்திலும் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சலரோகம், பயத்தில் இரத்தச் சீனி கொஞ்சம் ஏறுவது நாய்க்கும் உண்டு. மணிக்குச் சலம் எடுத்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு பழைய அகப்பையைக் கொதிநீரில் கழுவி, நீண்ட தடியில் கட்டினேன். விடியற்காலை படலையைத் திறந்தவுடன் அவன் வேலி மூலைக்குப் போய்க் காலைத் தூக்குவான், பின்னாலேயே போய் அகப்பையை நீட்டினேன். முதல் நாள் திடுக்கிட்டு ஓடிவிட்டான். இரண்டாம் நாள் கிடைத்தது. பெட்டை நாய் குந்தும்போது தட்டையான தட்டு ஒன்றைப் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளினால் போதும். மனிதருக்குப் பாவிக்கும் சலச் சோதனைப் பட்டியே நாய்க்கும் சரி. சீனியோடு கீற்றோனும் (உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் பொருள்) காட்டும் பட்டியாகப் பார்த்து வாங்குங்கள். முடிவு எப்படி வந்தாலும் புதுக்குடியிருப்பிலோ கிளிநொச்சியிலோ உள்ள கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். சிக்கலான நிலை என்றால் அவர்களே பேராதனை மிருக வைத்திய பீடத்து வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

இந்த வருத்தம் ஏன் வருகிறது என்றால், நடுவயதும் அதற்கு மேலும், கணையம் அழற்சி கண்டிருப்பது, பரம்பரை எனப் பல காரணம் உண்டு. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யாத பெட்டைகளுக்குக் கூடுதலாக வரும். சூடு முடிந்த பிறகு உடலில் புரோஜெஸ்ரறோன் என்ற ஓர்மோன் கூடி நிற்கும் இரண்டு மாத காலத்தில் இன்சுலின் சரியாக எடுபடாது. குட்டி போடாமல் இருக்கப் போடுகிறார்களே ஊசி, அதுவும் அதே வகை ஓர்மோன்தான். செலவு குறைவு என்று வருடா வருடம் போட்டுவந்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். கருப்பையில் சீழ், முலையில் கட்டி, சலரோகம், மூன்றுக்கும் அது வழி திறக்கிறது. ஜூலிக்குப் போட்டிருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இதிலே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: பெட்டைக்கு இப்படி வந்த சலரோகத்தை ஆரம்பத்திலேயே பிடித்து, உடம்பு தேறியவுடன் கருப்பையையும் சூலகத்தையும் எடுத்துவிட்டால் சிலவற்றுக்கு வருத்தமே மாறிவிடும். மாறாவிட்டாலும் சத்திரசிகிச்சை வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு சூட்டுக்கும் இன்சுலின் கணக்குக் குழம்பும்.

இனி ஊசி. ஊசி என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். ஒன்று சொல்கிறேன்: கணையத்துக்கும் சலரோகத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை 1889இல் ஜெர்மனியில் ஒரு நாயின் கணையத்தை எடுத்தபோதுதான் கண்டுபிடித்தார்கள். 1921இல் கனடாவின் ரொறன்ரோவில் பான்ரிங், பெஸ்ற் என்ற ஆய்வாளர்கள் முதன்முதல் இன்சுலின் எடுத்ததும் நாய்களில், கொடுத்துப் பார்த்ததும் நாய்களுக்குத்தான். மனிதருக்கு அது கிடைத்தது 1922 ஜனவரியில். மனிதர் இன்று போடும் இன்சுலின் நாய்களின் உயிரைக் கொடுத்து வந்தது. அதை நினைக்கும்போது ஜூலிக்கு அந்த மருந்தை மறுக்க எனக்கு மனம் வராது.

நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் அமைப்பில் அச்சொட்டாக ஒன்று. அதனால் நாய்களுக்கென்று விற்கும் இன்சுலினில் ஒரு வகை பன்றியிலிருந்து வருகிறது. அது கிடைக்காத இடத்தில் மனித இன்சுலினில் மெதுவாக வேலை செய்யும் கலங்கல் வகையை வைத்தியர் எழுதுவார். பொதுவாக ஒரு கிலோவுக்கு 0.25 முதல் 0.5 அலகு என்ற சிறிய அளவில், நாளுக்கு இரண்டு தரம் தொடங்குவார்கள். உங்கள் நாய்க்கு எவ்வளவு என்பது வைத்தியர் சொல்ல வேண்டியது. மனிதருக்கான போத்தலிலிருந்து நீங்களாக எடுத்துப் போட வேண்டாம்.

இப்போது சொல்லப்போவதை மெதுவாக வாசியுங்கள், நான் அடிபட்டுப் படித்த இடம் இது. இன்சுலின் இரண்டு செறிவில் வருகிறது. நாய்களுக்கான போத்தலில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு. மனிதருக்கான போத்தலில் பெரும்பாலும் 100 அலகு. ஊசிச் சிறிஞ்சும் அதற்கு ஏற்ப இரண்டு வகை, பெரும்பாலும் 40க்குச் சிவப்பு மூடி, 100க்குச் செம்மஞ்சள் மூடி. மணிக்கு எழுதியது 40 அலகுப் போத்தல். மருந்துக் கடையில் தந்தது 100 அலகுச் சிறிஞ்ச். நான் எட்டு என்ற கோட்டுக்கு இழுத்துப் போட்டேன், உள்ளே போனதோ மூன்று அலகு சொச்சம். இரண்டு கிழமை அவன் குடித்த தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை, மெலிந்துகொண்டே போனான். வைத்தியர் சிறிஞ்சைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நல்ல காலம், பிழை அந்தப் பக்கம் நடந்தது. மாறி, 100 அலகுப் போத்தலை 40 சிறிஞ்சில் எட்டுக்கு இழுத்திருந்தால் இருபது அலகு போயிருக்கும், நாய் செத்திருக்கும். மூடி நிறத்தை நம்பாதீர்கள். போத்தலில் அச்சடித்த எண்ணும் சிறிஞ்சில் அச்சடித்த எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு புதுப் பெட்டியிலும் பாருங்கள்.

போடும் முறை இப்படி. கலங்கல் இன்சுலினை முதலில் கலக்க வேண்டும்: சில வகையைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு இடையில் மெதுவாக உருட்ட வேண்டும், சில வகையை நன்றாகக் குலுக்க வேண்டும், போத்தலோடு வரும் தாளில் எப்படி என்று பாருங்கள். சிறிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள். தோள்பட்டைக்குப் பின்னால் விலாப் பக்கமாகத் தோலைக் கிள்ளித் தூக்கினால் ஒரு கூடாரம் மாதிரி எழும்பும், அதன் அடியில் குத்துங்கள். ஊசி மிக மெல்லியது. மணி தட்டில் மிச்சமிருந்த சோற்றை நக்கிக்கொண்டே நிற்பான், நான் குத்தியதை அறியவே மாட்டான். ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் தோல் தடிக்கும், ஆகவே காலை இடது, மாலை வலது என்று மாற்றுங்கள். சில வேளை ஊசி மறுபக்கம் வந்து மயிர் நனைந்துவிடும், எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. அப்போது திரும்பப் போடவே வேண்டாம். அடுத்த நேரத்துக்குப் போடுங்கள். ஒரு நேரம் தவறினால் நாய்க்கு ஒன்றும் ஆகாது, இரட்டிப்பாகப் போனால் ஆபத்து.

முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. சாப்பிடவில்லை என்றால், சத்தி எடுத்தால், வழமையான ஊசியைப் போடாமல் வைத்தியரை அழைத்துக் கேளுங்கள். பன்னிரண்டு மணித்தியால இடைவெளி முக்கியம், எங்கள் வீட்டில் காலை ஆறு, மாலை ஆறு. இந்த வருத்தத்தில் எல்லாவற்றையும் விடக் கடினம் அந்த நேரக் கட்டுப்பாடுதான். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பமாகப் போய் இரவு தங்கினால் ஜூலிக்கு யார் ஊசி போடுவது? இப்போதே ஒருவரைப் பழக்குங்கள். குளிசை யோசனை சொன்ன அந்த மாமியையே கேளுங்களேன், அக்கறை உள்ளவ போலத்தான் தெரிகிறது.

இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும், பிரிட்ஜின் கதவுத் தட்டு நல்லது. ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது, உறைந்தால் மருந்து கெட்டுவிடும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போனால் சில வேளை நாள் கணக்கிலும் வராது. பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் முதல் சில மணித்தியாலம் தாங்கும். அதற்கு மேல் மண்பானைதான். பெரிய பானைக்குள் ஆற்று மணல் போட்டு நன்றாக ஈரமாக்கி, அதற்குள் சின்ன முட்டி ஒன்றைப் புதைத்து, போத்தலைப் பொலித்தீனில் சுற்றி அந்த முட்டிக்குள் வையுங்கள். மேலே ஈரச் சாக்கு. காற்றோட்டமான நிழலில் மணல் காயாமல் பார்த்துக்கொண்டால் வெளி வெயிலை விட நல்ல குளிர்மை இருக்கும். பிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கும் இது உதவும், ஆனால் திறந்த போத்தலை ஒரு மாதத்துக்கு மேல் அப்படிப் பாவிக்காதீர்கள். கலக்கிய பிறகும் கட்டி கட்டியாகத் தெரிந்தால், பக்கங்களில் ஒட்டியிருந்தால், வீசிவிடுங்கள்.

சாப்பாட்டில் விசேஷம் ஒன்றும் வேண்டாம், ஒரே மாதிரி இருந்தால் போதும். ஒரே அளவு, ஒரே வகை, இரண்டு வேளை. ஒரு சிரட்டையை அளவுக்கென்று ஒதுக்கி வையுங்கள். வெள்ளைப் பச்சரிசிச் சோற்றை விடத் தவிட்டோடு கூடிய சிவப்பரிசி நல்லது, அளவையும் குறைத்து, அவித்த மீன் அல்லது தோல் நீக்கிய கோழி, அவித்த போஞ்சி, பூசணி சேருங்கள். மீன் முள்ளைப் பார்த்து எடுங்கள். குழம்பு ஊற்ற வேண்டாம். வெங்காயம் நாயின் இரத்தத்துக்குக் கூடாது, எண்ணெயும் தேங்காய்ப்பாலும் கணையத்துக்குச் சுமை. கலியாண வீட்டு இறைச்சி மிச்சம் ஒரே நாளில் கணையத்தை அழற்சியாக்கிவிடக் கூடும். பாண், பிஸ்கட், பிள்ளைகள் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கும் துண்டு எல்லாம் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் பேரப்பிள்ளையை இதற்குச் சம்மதிக்க வைக்கத்தான் கனகாலம் எடுத்தது. சீனி இல்லாத சுவிங்கத்தில் இருக்கும் சைலிற்றோல் நாய்க்கு நஞ்சு, அதைச் சலரோகக்காரருக்கு நல்லது என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டு ஆபத்துகளை வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, சீனி இறங்குவது. டெசிலீற்றருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நாய் தள்ளாடும், நடுங்கும், வெறித்துப் பார்க்கும், பிறகு வலிப்பு வரும். ஒரு நாள் பின்னேரம் மணி வேலியோரம் குடித்தவன் மாதிரிப் பின்னங்காலை இழுத்துக்கொண்டு நின்றான். கூப்பிட்டால் திரும்பவில்லை. பகல் முழுக்க முயலைக் கலைத்து ஓடியிருக்கிறான். உடனே தேனைத் தொட்டு முரசில் தேய்த்தேன், விரலைக் கடிக்காதபடி கன்னப் பக்கமாக. சில நிமிடத்தில் வாலாட்டினான், பிறகு சோறு வைத்தேன், வைத்தியரிடம் கொண்டுபோனேன். நினைவு இல்லாத நாயின் வாய்க்குள் தண்ணீரோ சீனிக் கரைசலோ ஊற்றக் கூடாது, மூச்சுக் குழலுக்குள் போய்விடும். தேனை முரசில் தேய்ப்பது மட்டும்தான், தேய்த்துக்கொண்டே ஓட்டோ பிடியுங்கள்.

மற்றது, இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரித்து அமிலம் சேர்வது. நன்றாகச் சாப்பிட்ட நாய் திடீரென்று சாப்பாட்டை விடும், சத்தி எடுக்கும், வேகமாக மூச்சு வாங்கும், வாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி ஒரு வாடை வரும். பட்டியில் கீற்றோன் காட்டும். அன்றைக்கே சேலைன் ஏற்ற வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஜூலி சாப்பிட மறுத்தால் இந்தப் பந்தியைத்தான் முதலில் நினைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து பிடிக்கிறதா என்று பார்க்க மனிதர்களின் குளுக்கோஸ் மானியை வைத்தும் பார்க்கலாம். காதை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி ஓரத்தில் குத்தினால் ஒரு துளி வரும். மனிதருக்கான கருவி நாய் இரத்தத்தில் பொதுவாக உண்மையைவிடக் குறைத்துத்தான் காட்டும் என்பதை வைத்தியரிடம் சொல்லிக் கணக்குப் போடுங்கள். சில வேளை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாள் முழுக்க அளந்து எழுதச் சொல்வார்கள். ஒரு எண்ணைப் பார்த்து நீங்களாக மருந்தைக் கூட்டிக் குறைக்கக் கூடாது. ஒரு அளவு பிடிக்கிறதா என்று தெரிய ஒரு கிழமையாவது போக வேண்டும், சரியான அளவைப் பிடிக்க ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகலாம். எனக்கு எல்லா எண்ணையும் விட நம்பிக்கை தந்தவை தண்ணீர் அளவும் எடையும்தான். மணி குடிப்பது பாதியாகக் குறைந்து, விலா மறைந்த அன்று எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

செலவு உண்டு, மறைக்க மாட்டேன். இன்சுலின், சிறிஞ்ச், கிளினிக் பயணம் எல்லாம் மாதா மாதம் வரும். கைக்கு மீறினால் வைத்தியரிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசுங்கள், சிக்கனமாகச் செய்ய வழி சொல்வார். மருந்தில்லாமல் வற்றி வற்றிச் சாகவிடுவதை விட, முடியாத நிலையில் வேதனையில்லாமல் தூங்கவைப்பதும் அன்புதான். ஆனால் அந்தப் பேச்சு ஜூலிக்கு இப்போது வேண்டாம். சாப்பிடுகிறாள், நடக்கிறாள். சரியாகப் பார்த்தால் வருடக்கணக்கில் நன்றாக இருக்கக்கூடியவள்.

கடைசியாகக் கண். சலரோக நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றரை வருடத்துக்குள் கண்ணில் வெண்படலம் விழும், நல்லாகக் கவனித்தாலும் விழலாம். மணிக்கு எட்டாம் மாதத்தில் இரண்டு கண்ணும் பால் நிறமானது. அதற்குப் பிறகு நாங்கள் தண்ணீர்ச் சட்டியை மாமரத்தடியிலிருந்து அசைத்ததே இல்லை. கதிரை, சைக்கிள், விறகுக் குவியல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அவன் படலையிலிருந்து சட்டிக்கும், சட்டியிலிருந்து என் கட்டிலடிக்கும் ஒன்றிலும் முட்டாமல் நடந்தான், சாயந்திரம் ஆறு மணியானால் ஊசிக்கு அவனே வந்து நின்றான்.